கல்வி உதவிக் கழகம் ஓர் ஏழையைத் தேடிய வரலாறு

இந்தியக் கல்வி வரலாற்றை எழுதப் போகிறவர்கள் ஆம்பூரை விட்டுவிட்டு எழுதினால், அந்தப் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன். நாளந்தா, தட்சசீலம் எல்லாம் இருக்கட்டும். அங்கே படிக்க வந்தவர்களுக்கு வெறும் படிப்பைத்தான் கொடுத்தார்கள். 'உனக்கு உண்மையிலேயே உதவி தேவையா?' என்று வீடு தேடிப் போய் விசாரித்த அக்கறை அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் 'தோல்நகர் கல்வி உதவிக் கழக'த்துக்கு இருந்தது. அதன் கௌரவச் செயலாளர் அடியேன், மோசஸ்.

கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது. சம்பளம் எனக்கு ஷூ கம்பெனியில். அங்கே நான் நலத்துறை அதிகாரி. கம்பெனி முதலாளி மக்பூல் அகமது சாஹிப்தான் கழகத்துக்கும் தலைவர். மூன்றாவது உறுப்பினர் கேத்தரின் டீச்சர். ஓய்வு பெற்றவர். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறி வருவார், தட்டில் ஆற்காடு மக்கன் பேடா இனிப்பு இல்லாத கூட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டார். ஆக மூன்று பேர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பாங்கில் நல்ல நிலையில் ஒரு நிதி. அந்த நிதி நான்கு வருடமாக யார் கையும் படாமல் பத்திரமாக இருந்தது. விண்ணப்பப் படிவம் அச்சாவதற்கே மூன்று வருடம் ஆகிவிட்டது. பதினொரு பக்கம் என்றால் சும்மாவா?

2003 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், கழகத்தின் முதல் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவள் பெயர் அஃப்ஷா. ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நாற்பத்து மூன்று வாங்கியிருந்தாள். வேலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் இருபதுக்குள் ஒன்பதாயிரம் ரூபாய் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அப்பா இல்லை. அம்மா முனவ்வர் பேகம், பீடியும் சுற்றாத, பூவும் கட்டாத, ஷூ தைக்கிற அம்மா.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனி ஷூவை வெளிநாட்டுக்காரர்கள் விரும்பி வாங்குவது கைத்தையலுக்காக. ஷூவின் மேல்பாகத்தை 'அப்பர்' என்போம். அதை ஏஜென்ட் அஹமது பாஷா மூட்டையாகக் கட்டி வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் உட்கார்ந்து மெழுகு நூலால் தைத்துத் தருவார்கள். வாங்குகிற கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பதினெட்டு வயது ஆகாத எந்தக் கையும் அதில் படக் கூடாது. படவில்லை. படவில்லை என்பதற்கு வருடத்துக்கு இரண்டு சான்றிதழ் நானே எழுதி, நானே கையெழுத்துப் போடுகிறேன்.

விண்ணப்பத்தைப் புரட்டினேன். நான்காம் பக்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

"என்னம்மா இது? 'மாணவர் செய்யும் வேலை'ன்னு ஒரு கட்டம். அதுல போய் ஏதோ எழுதி வச்சிருக்கியே?"

"நெஜத்த தானே சார் எழுதணும்? ஸ்கூல் விட்டு வந்து அப்பர் தைப்பேன். நோட்டு, பஸ்ஸு எல்லாம் அதுல ஓடிச்சி. காலேஜ் ஃபீஸு அதுல வராது சார், கூலி ரொம்ப கம்மி."

"யாருக்குத் தைக்கிற?"

"உங்க கம்பெனிக்குத் தான் சார்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு ஒரு தகப்பனின் பரிவோடு அந்த வரியை அடித்து, 'பொழுதுபோக்கு: கைவேலை' என்று திருத்தினேன். அந்தப் பெண் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது 'ஆ' பிரிவு. அந்தக் காலத்தில் 'ப்ராஜெக்ட்' இல்லாமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். உதவி கேட்கிற மாணவர் சமுதாயத்துக்கென்று ஒரு 'கல்வித் திட்டம்' தர வேண்டும் என்பது எங்கள் விதி. அஃப்ஷா அரைப் பக்கம் எழுதியிருந்தாள். அவள் தெருவில் இருபத்திரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏழாவது எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். தினம் ஒரு மணி நேரம் அவள் பாடம் சொல்லித் தருவாள். ஒரு கரும்பலகை, இரண்டு டியூப்லைட், அந்த ஒரு மணி நேரக் கூலிக்கு ஈடாகப் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்தால் போதும். கூலி போனால் வீட்டில் விட மாட்டார்கள் என்று விளக்கமும் இருந்தது.

கழகம் அவசரமாகக் கூடியது. மக்கன் பேடா வந்தது.

"அருமையான ப்ராஜெக்ட்" என்றார் தலைவர் மக்பூல் சாஹிப். "மோசஸ், அந்த 'தைக்க'ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துரு. ஆர்டர் குடுக்கறவன் கண்ணுல பட்டா பேஜாரு."

"எடுத்துட்டு என்ன சாஹிப் போடுறது?"

"ஓய்வா இருக்கற பிள்ளைங்கன்னு போடு."

போட்டேன். கேத்தரின் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "ஓய்வா இருக்கற பிள்ளைங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு மணி நேரம்? அதுங்க வீட்லயே படிக்கலாமே. கூலின்னு வேற எழுதியிருக்கா. ஓய்வெடுக்கறதுக்குக் கூலியா?"

முப்பத்தாறு வருடம் பாடம் நடத்திய மூளை! 'திட்டத்தின் தேவை தெளிவாக இல்லை' என்று ஒருமனதாகக் குறிப்பு எழுதினோம். ஆனாலும் கட்டண உதவி பாக்கி இருக்கிறதே. அதற்கு விதிப்படி நேரடி ஆய்வு. ஜூன் பன்னிரண்டு, காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

கழகத்துக்கென்று வண்டி கிடையாது. கம்பெனியின் வெள்ளை குவாலிஸில் போனோம். நடந்ததற்கெல்லாம் அந்த வண்டிதான் காரணம், நான் இல்லை.

வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வருகிறவர்களை நாங்கள் அந்த வண்டியில்தான் அழைத்துப் போவோம். அது தெருமுனையில் திரும்பியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெருவுக்கே நான் பயிற்சி கொடுத்திருந்தேன். முதல் வீட்டுப் பெண் 'ஆடிட்டு!' என்று ஒரு குரல் கொடுப்பாள். அப்பர், ஊசி, நூல் எல்லாம் மூட்டைக்குள் போகும். வயதில் சின்னவர்கள் மூட்டையோடு பின்சந்து வழியாகப் போய்விடுவார்கள். பெரியவர்கள் முகம் கழுவிக்கொண்டு உட்காருவார்கள். சோதனைக்காரர் கேட்கும் ஏழு கேள்விக்கும் ஏழு பதில் நான் தமிழிலும் உருதுவிலும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆறு நிமிடத்தில் தெரு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அன்று ஐந்தே நிமிடத்தில் ஆனது. பெருமையாக இருந்தது.

முனவ்வர் பேகம் துவைத்த புடவையில் உட்கார்ந்திருந்தார். தரை பளபளத்தது.

"குடும்பத்துல கஷ்டம் ஏதாவது இருக்குதாம்மா?" என்று கேட்டார் கேத்தரின் டீச்சர்.

"எந்த கஷ்டமும் இல்லிங்க."

"வருமானம்?"

"போதுமான வருமானம் வருதுங்க. கம்பெனி நேரத்துக்கு கூலி குடுக்குதுங்க."

"உங்க பொண்ணு வீட்ல வேலை ஏதாவது செய்யுதா?"

"பிள்ளைங்க படிக்கிறாங்க, வெளையாடுறாங்க. வேலைக்கு அனுப்பறது இல்லிங்க."

ஒரு சொல் பிசகவில்லை. நான் எழுதிய பதில்களை அவ்வளவு உணர்ச்சியோடு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"பொண்ணு எங்கம்மா?"

முனவ்வர் பேகம் என்னைப் பார்த்தார். எட்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதித் தரவில்லை. "வெளையாடப் போயிருக்குதுங்க" என்றார் தயங்கித் தயங்கி.

'விண்ணப்பதாரர் வீட்டில் இல்லை. விளையாடப் போயிருக்கிறார். குடும்பத்தில் கஷ்டம் எதுவும் இல்லை என்று தாயாரே தெரிவித்தார்' என்று டீச்சர் எழுதி அடிக்கோடு போட்டார்.

மத்தியானம் அஃப்ஷா என் அறைக்கு ஓடி வந்தாள். கையெல்லாம் முள் கீறல்.

"ரயில்வே லைனுக்கு அந்தாண்ட முள்ளுச் செடியில மூட்டைய வச்சிக்கினு உக்காந்திருந்தேன் சார். வண்டி போன அப்புறம் தான் தெரிஞ்சிச்சி, அது எனக்காக வந்த வண்டின்னு. எங்க அம்மிக்கு வெள்ள வண்டியப் பாத்தா வேற எதுவும் வாயில வராது சார். எல்லாம் நீங்க குடுத்த பேப்பர்ல இருக்கறது. செவுத்துல ஒட்டியிருக்கோம். பிச்சி எடுத்துனு வந்து தலைவர் கிட்ட காட்டட்டுமா?"

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

"அப்ப இன்னொரு வாட்டி வாங்க சார். ஆட்டோவுல வாங்க. யாரும் ஒளிய மாட்டாங்க. எட்டு நாளு தான் சார் இருக்குது."

மறைப்பானேன், என் மகள் கிரேஸியும் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் கட்டணத்தைக் கம்பெனியே கட்டியது. ஊழியர் நலன். படிவம் ஒரே பக்கம்தான். ஆய்வு கிடையாது.

அஃப்ஷா சொன்னதைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்மனசுக்காரர் அல்ல. நெற்றியைத் தேய்த்தபடி யோசித்தார். "அந்தம்மா சொன்னது பொய்யின்னு நாம எழுதினா, அந்தப் பொய்ய சொல்லிக்குடுத்தது யாருன்னு வரும். வருமா வராதா?"

"வரும் சாஹிப்."

"அது மட்டும் இல்ல. கஷ்டமில்லன்னு கௌரவமா சொல்ற ஒரு பொம்பளைய நாம ஏழைன்னு எழுதலாமா? மனசு கஷ்டப்படாதா?"

அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. முனவ்வர் பேகத்தின் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக விண்ணப்பத்தை நிராகரித்தோம். ஜூன் இருபது வந்தது, போனது. கல்லூரி இடம் யாரோ ஒரு பெண்ணுக்குப் போயிற்று. நன்றாகப் படிக்கட்டும்.

அந்த ஆண்டறிக்கையை ஆர்ட் பேப்பரில் அச்சிட்டோம். 'உதவி கோரியவர்: ஒருவர். நேரில் விசாரித்ததில் உதவி தேவைப்பட்டவர்: எவருமில்லை' என்று எழுதியவன் நான். வறுமையே இல்லாத ஊர் என்று நிரூபித்துவிட்டோம் என்று கழகத்தின் ஆண்டு விழாவில் பேசியவர்கள் பாராட்டினார்கள். கேத்தரின் டீச்சருக்குப் பொன்னாடை.

ஆகஸ்ட் மாதம் அஃப்ஷாவுக்குப் பதினெட்டு முடிந்தது. அடுத்த வாரமே கம்பெனியில் தையல் பிரிவுக்கு வந்துவிட்டாள். எங்கள் கம்பெனி சட்டத்தை மீறாது. வேலைப் படிவத்தை நானே நிரப்பினேன். மாதிரிக்கு ஒரு ஜோடி தைத்துக் காட்டச் சொன்னோம். சூப்பர்வைசர் சைரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது புதுக் கை இல்ல. எங்க லைன்ல இருக்கறவங்களே இப்படித் தைக்க மாட்டாங்க. முழுக் கூலியே போடுங்க."

'முன் அனுபவம்' என்ற இடத்தில் என் பேனா நின்றது. அனுபவம் இருந்தால் முழுக் கூலி. இல்லாவிட்டால் ஆறு மாதம் பாதிக் கூலி.

"ஒம்போது வருஷம் சார்" என்றாள் அஃப்ஷா.

"பதினெட்டு முடிஞ்சி ஒரு வாரம் தாம்மா ஆகுது. ஒம்போது வருஷம்னு எப்படி எழுதறது?"

'இல்லை' என்று எழுதினேன். அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். கோபப்படவில்லை. கணக்குப் படிக்க நினைத்த பெண் அல்லவா, விடை சரியாக வருகிறதா என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நான் தைக்கல. எங்க தெருவுல இருக்கற புள்ளைங்களும் தைக்கல. அப்ப அந்த ஷூவெல்லாம் யாரு சார் தச்சது?"

பதினான்கு வருடச் சோதனைகளில் எந்த வெளிநாட்டுக்காரனும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வெறும் பிளஸ் டூவிலேயே இவ்வளவு கேட்கிறவள், மூன்று வருடம் கல்லூரிக்கும் போயிருந்தால் எங்கள் கதி என்ன? இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஒரு மணி நேரம் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால்? யாரைப் படிக்க விடக் கூடாது என்பதை ஒரே விண்ணப்பத்தில் கண்டுபிடித்துவிட்ட எங்கள் கழகத்தின் தொலைநோக்கை நினைத்து வியந்துகொண்டே, கையெழுத்துப் போடும்படி அவளிடம் படிவத்தைத் தள்ளினேன்.