ஐஸில் வைத்த புழுச் செல்லும் என் வேலையும்

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் மைத்துனன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சௌக்கியம், என் வேலையைத் தவிர. அங்கு அக்கா சௌக்கியமா? உங்களைக் கேட்கவில்லை, அக்கா சமைக்கிறவரை உங்களுக்கு என்ன குறை!

ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாக இருக்கிறேன் இல்லையா? பன்றி வெட்டும் இடத்துக்குப் போய், குடலில் கிடக்கும் உருளைப்புழுவை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கொண்டுவருவது நான்தான். மூக்கைப் பொத்தாதீர்கள், விஷயம் இருக்கிறது. ஊர்ந்து போகும் செல் எல்லாம் பெரும்பாலும் ஆக்டின் என்கிற புரதத்தை வைத்துத்தான் ஊருமாம். இந்தப் புழுவின் விந்துச் செல்லுக்கோ வாலும் கிடையாது, ஆக்டினை நம்பியும் பிழைக்கவில்லை. வேறொரு புரதத்தை முன்னால் இழை இழையாகக் கோத்துக்கொண்டு, பின்னால் அவிழ்த்துக்கொண்டு, அப்படியே நகரும். நீங்கள் சோபாவை விட்டு எழுந்திருக்காமலே மின்விசிறிக்குக் கீழே போய்ச் சேருவீர்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை, கூடத்துக்குப் பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு குழு வந்தது. செல் ஊர்வதைக் கண்ணால் காட்டினால்தான் கூடம் நீடிக்கும். இல்லாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு, எனக்கு வீடு. ஆராய்ச்சிப் பெண் செல்லைக் குழாயில் எடுத்துச் சூட்டில் வைத்துவிட்டு, குழுவை அழைத்துவரப் போனாள். அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்து சுவரில் ஒரு சுற்றறிக்கையை ஒட்டினார்: 'எல்லா மாதிரிகளையும் ஐஸில் வைக்கவும்.' பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒரு சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்தேன், மச்சான்!

குழுத்தலைவி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். "ஒண்ணும் அசையலையேம்மா."

பெண் என் பக்கம் திரும்பினாள். "மாமா, ஐஸ்ல வெச்சீங்களா?"

"மேலிடத்து உத்தரவும்மா."

"ஐயோ! அதுக்குப் பன்னி உடம்புச் சூடு வேணும் மாமா. குளிர்ல இழையெல்லாம் கலைஞ்சுபோகும்!"

கண்ணாடித் தகட்டுக்குச் சூடு காட்டினாள். கலைந்த இழை மறுபடி கோத்துக்கொள்ள, செல் ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

தலைவி கைதட்டினார். "குளிர்ல கலையுது, சூட்டுல சேருது! நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீங்க."

"அதுக்குத்தான் மேடம் சுற்றறிக்கையே போட்டேன்" என்றார் மேலாளர், கூச்சமே இல்லாமல்.

கூடம் தப்பித்தது, என் வேலையும் தப்பித்தது. அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. ஐஸில் பாதிச் செல் செத்துப்போச்சாம். வைத்தது யார் என்று விசாரணை, விசாரிக்கிறவர் மேலாளர். சுற்றறிக்கையைக் காணோம், சுவரில் பசை மட்டும் இருக்கிறது. ஆகவே மச்சான், மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் காய்ச்சலோடு உங்கள் வீட்டில் படுத்திருந்தேன். யாராவது கேட்டால் அக்காவையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.