செருப்பு டாக்டர் ஏணி ஏறிய கதை

அன்று ஏணிக்குக் கீழே நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். முனி கோயில் பூசாரி. துணை சுகாதார நிலையத்து நர்சம்மா. அந்த நிலையத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிப் போக வந்த அதிகாரி. நேர்ந்துவிட்ட கிடா ஒன்று. ஆட்டோ ஓட்டுகிற நான். பேச்சி என்ற புள்ளத்தாச்சிப் பெண்ணும் வந்திருந்தாள். ஆனால் எங்களோடு நிற்கவில்லை. தள்ளி, சிலையின் முதுகுப் பக்கம், வேப்பமரத்தடியில் நின்றாள்.

ஏணிக்கு மேலே செருப்பு டாக்டர்.

சாமிக்குப் பயந்தவர்களைத் திண்டுக்கல்லில் நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்படாதவர்களையும் பார்த்திருக்கிறேன். சாமி எங்கே பார்க்கிறது என்று ஏறிப் பார்த்தவர் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான்.

முதலில் நாகல் நகர் ஸ்டாண்டில் என் வண்டியில் ஏறினார். ஒல்லியான பெண். தோளில் பை. கழுத்தில் யுனிவர்சிட்டி அட்டை. பேச்சு ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங்ணா, ஒரு கோயிலு, ஒரு சர்ச்சு, ஒரு தர்கா, ஒரு ஆஸ்பத்திரி. இன்னைக்கே முடியுங்களா?"

வீட்டில் யாருக்கோ ரொம்ப முடியவில்லை என்று நினைத்தேன். எல்லாச் சாமியையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். வாடகைகூடக் கறாராகப் பேசவில்லை.

கோயில் வந்தது. அவர் உள்ளே போகவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். போனில் படம் எடுத்தார். ஒரு செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். எழுந்து வந்து, "போலாமுங்க" என்றார். சர்ச்சிலும் அப்படித்தான். தர்காவிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்சம் செருப்புதான் கிடந்தது. அங்கேதான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"என்ன வேலை மேடம் இது?"

"ஆராய்ச்சிங்க. யாரு எங்க போறாங்க, யாரு எங்க போகாம நின்னுட்டாங்க. கட்டடம், சாமி, ஊரோட பழைய சங்கதி, ஒடம்பு சொகம், நாலையும் ஒண்ணா வெச்சுப் பாக்கறதுங்க."

"ஆளுககிட்டக் கேட்டாத் தெரிஞ்சு போகுது."

"கேட்டா, நமக்குப் புடிச்ச பதிலச் சொல்லிப்போடுவாங்க. செருப்பு வந்தா வந்துச்சு. வரலீன்னா வரலீங்க."

வண்டியை எடுத்தேன்.

பெயர் வந்த கதை வேறு. ஒரு கோயில் வாசலில் செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது செருப்புக்காரரே வந்துவிட்டார். வாட்டசாட்டமான ஆள்.

"ஏம்மா, எஞ் செருப்ப எதுக்கு மோந்து பாக்குற?"

இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு எடது முட்டி வலிக்குதுங்களா?"

செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. அந்த மனிதர் அதைக் கேட்க நிற்கவில்லை. வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார். பக்கத்தில் நின்ற பெரியவரும் தூக்கினார். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு அம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றி நீட்டினார். உள்ளே இருந்த வரிசையைவிட வெளியே வரிசை நீண்டுவிட்டது.

"நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லீங்க. படிச்ச டாக்டருங்க" என்று அவர் கெஞ்சினார்.

"அப்ப வைத்தியம் பாக்குறவுக எல்லாம் படிக்காதவுகளா?" என்றார் பெரியவர்.

அன்றிலிருந்து செருப்பு டாக்டர்.

ஒரு சர்ச்சில் இதைவிட மோசம். இவர் செருப்புகளைப் படம் எடுத்ததைப் பார்த்து, இலவசச் செருப்புக்கு அளவெடுக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பாதிச் சபை வெறுங்காலோடு வந்தது. மீதிப் பேர் வீட்டில் இருந்ததிலேயே பிய்ந்ததாகத் தேடிப் போட்டு வந்தார்கள். செருப்பு டாக்டர் வண்டிக்குள் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "செருப்புக்கும் பொய் சொல்லக் கத்துக் குடுத்துட்டாங்கண்ணா" என்றார்.

பிறகுதான் கன்னிவாடிக்கு அப்பால், மலை அடிவாரத்து ஊருக்குப் போனோம்.

அங்கே ஒரு துணை சுகாதார நிலையம். நர்சம்மா நல்ல மனுஷி. காலையில் கதவைத் திறந்து, கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, பிரஷர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். காய்ச்சல், தலைவலி என்று ஆண்கள் வருவார்கள். யாருக்காக அந்த நிலையமோ, அந்தப் புள்ளத்தாச்சிகள் மட்டும் வரமாட்டார்கள். நர்சம்மா வீடு வீடாகவும் போவார். ஆனால் அவர் ஒருவர் பார்க்க வேண்டிய ஊர்கள் நிறைய.

விழிப்புணர்வு இல்லை என்று மேலே முடிவு செய்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்தார்கள். புள்ளத்தாச்சிப் பெண் ஒருத்தி வயிற்றில் கை வைத்துச் சிரிக்கிற படம். அதற்கப்புறம் அந்தத் தெருவிலேயே பெண்கள் நடப்பதில்லை.

ஆள் வராத கட்டிடம் எதற்கு, மூடிவிட்டு மெயின் ரோட்டுப் பக்கம் மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. மாறினால் இந்த ஊர்ப் பெண்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏற வேண்டும்.

"எங் கை ராசியில்ல போலம்மா" என்றார் நர்சம்மா.

"கை இல்லீங்க, வேற என்னமோ இருக்குது" என்றார் செருப்பு டாக்டர்.

ஊருக்கு வெளியே ஒரு தர்கா. அங்கே ஒரு பெரியவர் தண்ணீர் ஓதிக் கொடுப்பார். வாசலில் செருப்புக் கும்பல். இவர் குத்தவைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இத்தன ஆம்பளச் செருப்புக் கெடக்குது. உள்ளார அந்தப் பெரியவரத் தவிர ஒரு ஆம்பளையுங் காணோம்."

நானும் பார்த்தேன். உள்ளே எல்லாம் பெண்கள். பாதிப் பேருக்கு வயிறு. கால் வீங்கித் தங்கள் செருப்பு நுழையாமல் புருஷன் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். நான் ரெண்டு பிள்ளை பெற்றவன். என் பெண்டாட்டியும் அந்த மாதங்களில் என் செருப்பைத்தான் போட்டுத் திரிந்தாள். எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அங்கேதான் பேச்சியைப் பார்த்தோம். அவளுக்குக் கால் மட்டுமல்ல, முகமும் வீங்கியிருந்தது.

"நர்சம்மாகிட்ட ஒருக்காப் பிரஷர் பாத்துட்டு வந்தறலாம் வா சாமி" என்றார் செருப்பு டாக்டர்.

"வாரேன்க்கா" என்று ஏறிவிட்டாள். முனி கோயில் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள்.

"அண்ணே, அங்கிட்டுப் போகாதீக. காட்டுப் பாதையாப் போங்க."

காட்டுப் பாதையில் குலுக்கிக்கொண்டு போய் நிலையத்தின் பக்கச் சுவரில் நிறுத்தினேன். இறங்கினாள். வாசலுக்குத் திரும்பும் முனை வரை நடந்தாள். முந்தானையை இழுத்து வயிற்றில் போர்த்தினாள். செத்த நேரம் நின்றாள். "இன்னொரு நா வாரேன்க்கா" என்று வந்த வழியே வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

செருப்பு டாக்டர் அவளைக் கூப்பிடவில்லை. அவள் நின்ற இடத்தில் போய் நின்றார். அவள் எந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாளோ அந்தப் பக்கம் பார்த்தார். நிலையத்து வாசலுக்கு எதிரே, கோயில் சுற்றுச்சுவருக்கு மேலே முனியின் தலை தெரிந்தது. குதிரை மேல் உட்கார்ந்த சிமெண்டு முனி. கண் ஒவ்வொன்றும் தாம்பாளம்.

"இந்தச் சிலை எப்பங்க வெச்சது?" என்று பூசாரியிடம் கேட்டார்.

"முனி ஆதியில இருந்து இருக்காரும்மா."

"செலைங்க."

"அதுவா. திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்ச நம்ம ஊர்க்காரர் கட்டிக் குடுத்தாரு. முந்தி முனி இம்புட்டுக் கல்லு. முட்டி ஒசரம். முன்னால சுவரு மறைச்சிரும்."

"செலை வெச்சப்பறந்தான் பொம்பளைங்க வராம நின்னாங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். நர்சம்மாவைக் கேட்டோம். அவர் விரல்விட்டு மாசங்களை எண்ணிப் பார்த்து, ஆமாம் என்றார்.

அதிகாரி பூட்ட வருகிற நாளில்தான் ஏணி வந்தது. பூசாரி குறுக்கே நின்றார்.

"ஏம்மா, சாமி மேலயா ஏறப் போற?"

"பக்கத்துலதானுங்க. அவரு பாக்கறத நானும் பாக்கோணும்."

"பொம்பளை ஏறக் கூடாது."

"பெயிண்ட் அடிச்சவங்க ஏறுனாங்களே?"

"அவன் ஆம்பளை."

"செருப்போடவா ஏறுனாங்க?"

பூசாரி கொஞ்சம் மலைப் பக்கம் பார்த்தார். "செருப்போடதான் ஏறுனான்."

"நான் கழட்டிட்டு ஏறறனுங்க."

பூசாரி வழிவிட்டார். ஏணியையும் அவரே பிடித்துக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டு.

செருப்பு டாக்டர் மேலே ஏறி, பையிலிருந்து சின்னாளபட்டி நூல்கண்டு ஒன்றை எடுத்து என்னிடம் எறிந்தார். நுனியை முனியின் கண் ஓரத்தில் பிடித்துக்கொண்டார். நான் கண்டைப் பிரித்தபடி நடந்தேன். பாதியில் நூல் தொய்ந்தது. திரும்பிப் பார்த்தால் கிடா அதை மென்றுகொண்டிருந்தது. அதிகாரி சிரித்தார். "சாமியே வேணாங்குது பாருங்க" என்றார்.

கிடாவைக் கட்டிவிட்டு மறுபடி நடந்தேன். சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நூல் விறைக்கும் வரை.

"எங்க முட்டுதுங்ணா?" மேலிருந்து குரல்.

"பூட்டுல."

வெயிலில் அந்த ஒற்றை நூல் முனியின் கண்ணிலிருந்து நிலையத்தின் கதவு வரைக்கும் நேராக நின்றது. நான் எத்தனையோ கோபுரம் பார்த்தவன். அன்றைக்கு அந்த நூலைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வழியில் அது போர்டில் இருந்த புள்ளத்தாச்சியின் வயிற்றை உரசிக்கொண்டு போனது. முனி பார்வை பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்படுகிற ஊரில், அந்தப் பார்வைக்கு நேராக ஒரு வாயும் வயிறுமான பெண்ணை நிறுத்தி, சிரிக்கவும் வைத்திருந்தார்கள்.

நர்சம்மா பேச்சியிடம் போனார். "இம்புட்டுத்தானா? ஏன்டி ஒருத்தியும் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சர்ச்சுக்குப் போறவுக. எங்க சாமிய எப்பிடி உங்ககிட்டக் கொறையாச் சொல்ல? உங்கமேல கொறையின்னு நீங்க நெனைக்கிறதும் தெரியும். என்னன்னு சொல்ல நர்சம்மா?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இது மூடநம்பிக்கை. பெரிசா ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டாச் சரியாயிரும்."

"முகாம எங்கீங்க போடுவீங்க?" மேலிருந்து செருப்பு டாக்டர் கேட்டார்.

"இங்கதான். இந்த வாசல்ல."

பூசாரியே சிரித்துவிட்டார்.

செருப்பு டாக்டர் இறங்கி வந்தார். "சாமியவும் திருப்ப முடியாது. உங்களையும் திருப்ப முடியாது. வாசலத் திருப்பிக்கலாமுங்க."

"புதுசாக் கதவு வைக்க எஸ்டிமேட் போடணும். மேல போகணும்."

"புதுசு எதுக்குங்க?" என்று கட்டிடத்தின் பின்னால் கூட்டிப்போனார். உடைந்த கட்டில், கொசுப் புகை அடிக்கிற மிஷின், பழைய தட்டிகள். அதற்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. சாமான்களை நகர்த்தினோம். வாசல்படிக் கல் நடுவில் குழிந்து கிடந்தது. அதைத் தடவினார்.

"முந்தி இது பருத்தி மூட்டை அடுக்கற கிட்டங்கி. வண்டி இந்தப் பக்கந்தான் வந்திருக்கோணும். கல்லு இப்பிடித் தேயணும்ன்னா எத்தன காலு மிதிச்சிருக்கும். இதாங்க முன்வாசல். நாமதான் பின்வாசல்னு சொல்லிட்டு இருக்கறோம்."

இருக்கிற கதவைத் திறக்க எஸ்டிமேட் கிடையாது. அதிகாரி பூசாரியைப் பார்த்தார்.

"கட்டடமே மறைப்பு" என்றார் பூசாரி. "முனி காவக்காரரு. கட்டடத்துக்கு அங்கிட்டு யாரு வாரா போறான்னு கேக்க மாட்டாரு."

பேச்சி காட்டுப் பக்கமாகச் சுற்றி வந்தாள். புருஷன் செருப்பை அந்தக் குழிந்த கல்லருகே கழற்றிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வெளியே வந்தார். முகம் மாறியிருந்தது.

"வண்டிய எடுங்கண்ணே. பெரியாஸ்பத்திரிக்கு. இப்பவே."

எடுத்தேன். பின் சீட்டில் பேச்சியின் தலை செருப்பு டாக்டர் மடியில் இருந்தது. அதிகாரி தன் ஜீப்பை முன்னால் விட்டு ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரெண்டு உயிரும் போயிருக்கும் என்று திண்டுக்கல்லில் சொன்னார்கள். வார்டுக்கு வெளியே நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். செருப்பு டாக்டர் தரையில் உட்கார்ந்து, வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அன்று படம் எடுக்கவில்லை. கை சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

சாவி நர்சம்மாவிடமே இருக்கிறது. செருப்பு டாக்டர் இப்போது வேறு மாவட்டத்தில். அங்கே யார் வீட்டுச் செருப்பைத் திருப்பிக்கொண்டிருக்கிறாரோ. செவ்வாய்க்கிழமை புள்ளத்தாச்சிகளைப் பார்க்கிற நாள். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் அந்த ஊருக்குப் போய்விடுகிறேன். குழிந்த கல்லருகே கிடக்கிற செருப்புகளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். எண்ணிக்கையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் போன் வரும்.

போன வாரம் பேச்சி பிள்ளைக்கு ஊசி போட வந்திருந்தாள். தன் சொந்தச் செருப்பில் வந்தாள். அதன் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்தில் இன்னொரு ஜோடி.

"நடக்காத பிள்ளைக்கு எதுக்குத்தா செருப்பு?" என்று கேட்டேன்.

"டாக்டரக்கா எண்ணுவாகள்ல" என்றாள்.

சேர்த்தே எண்ணினேன்.

பன்னிரண்டு.