அட்டை விமானத்தில் பார்வதி அக்கா

மட்டாஞ்சேரியில் விமானமே நின்றதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் டிசைன் ஆபீஸ் மாடியில் ஒன்று மாதக்கணக்கில் நின்றது, முழுக்க முழுக்க அட்டையில். கட்டியவர் அட்டை சேட்டன். தமிழ்க் குடும்பம்தான், ஆனாலும் பெரியவர்கள்கூட அவரை மலையாளத்தில் சேட்டா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்கள். அசல் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். நடக்க முடியாதவர்களை விமானத்துக்குள் சீட்டு வரை கொண்டுபோகிற ஒல்லி நாற்காலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். "கஷ்டப்படுறவங்க இடத்துல உட்காராம பேனாவைத் தொடாதே" என்பது சேட்டனின் சட்டம். என் கால்களை வேட்டியால் கட்டி, அட்டைச் சீட்டுகளுக்கு நடுவே ஒரு பகல் முழுக்கத் தள்ளினார். சாயா கேட்டால், "எழுந்து போய் எடுக்க முடியுதா? முடியலல்ல? அதை நல்லா அனுபவி!" என்பார். கீழே மிளகு கோடவுன்காரர் தும்மினால் விமானத்தின் வால் ஆடும்.

நிஜமாக உட்காரப்போவது பார்வதி அக்கா. தெருமுனை டெலிபோன் பூத்தை வீல்சேரில் இருந்தபடியே நடத்தியவர். கோடவுன் லிஃப்டில் மாடிக்கு வந்து அட்டை விமானத்திலும் உட்கார்ந்து பார்த்தார். மஸ்கட்டில் மகளுக்குப் பிரசவம். முன்பு ஒருமுறை விமானத்தில் ரெண்டு பேர் அவரைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். "குருமிளகு மூட்டையக்கூட அதைவிட மரியாதையா இறக்குவானுங்க. இனி எவனாவது தூக்கினா நான் போகவே மாட்டேன்." சோதனையில் தேறினால்தான் நாற்காலியை ஏற்றுவோம் என்று விமானக் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. ஒரே சோதனை.

இரண்டு பயணங்களுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் நிஜ விமானத்தில் ஏறினோம். அக்காவை உட்காரவைத்துச் சேட்டன் தள்ளினார். நாலு சீட்டு தாண்டுவதற்குள் 'கடக்'. நாற்காலியின் கைப்பிடி சீட்டில் மாட்டிக்கொண்டது. எங்கள் அட்டைச் சீட்டுகள் உரசும்போதெல்லாம் வளைந்து வழிவிட்டிருக்கின்றன, யாரும் கவனிக்கவில்லை. நிஜச் சீட்டுக்கு அந்த தாட்சண்யம் இல்லை.

விமானக் கம்பெனி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "போதும், போதும். தூக்கி இறக்குங்க."

இரண்டு பேர் வந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்தது. சேட்டன் சட்டென்று வழியில் குறுக்காக உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இத்தனை நாள் அட்டைகிட்டதான் கேட்டுட்டு இருந்தேன். நீங்க சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

"இந்தக் கைப்பிடிங்களைக் கழட்டு."

"விழுந்துடுவீங்களே!"

"ஏன் விழறேன்? ரெண்டு பக்கமும் சீட்டு கல்லாட்டம் நிக்குது, பிடிச்சுக்குவேன். உன் அட்டையைத் தொட்டா அது என்மேல சாயும், அதான் அங்க சும்மா இருந்தேன். கழட்டுடா!"

சேட்டன் ஸ்பானரை எடுத்தார். ஒரு போல்ட் வந்தது. அடுத்தது சண்டித்தனம் செய்தது. அதிகாரி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். சேட்டன் பல்லைக் கடித்துத் திருகினார். கழன்றது.

அக்கா முன்சீட்டின் முதுகைப் பற்றி ஒரு இழு இழுத்தார். நாற்காலி நகர்ந்தது. அடுத்த சீட்டு. அதற்கடுத்தது. யாரும் தள்ளவில்லை. தன் வரிசைக்குப் போய், கையூன்றித் தானே சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

"சேட்டா, ஒரு சாயா சொல்லு!"

கைப்பிடி இல்லாத அந்த நாற்காலியில்தான் அக்கா மஸ்கட் விமானம் ஏறினார். சேட்டன் இப்போது இல்லை. நான் எந்த விமானத்தில் ஏறினாலும் சீட்டு முதுகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறேன். எல்லாம் உறுதியாகத்தான் இருக்கின்றன. ஒன்றாவது அட்டையாக இருந்து கொஞ்சம் வளையாதா என்றிருக்கிறது.