நான் காப்பாற்றிய கிளை நூலகம்

மொன்றியலில் பிரெஞ்சு அறவே தெரியாதவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கையைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள், அலுவல் முடிந்ததும் ‘மெர்சி’ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. அழிவெல்லாம் என்னைப் போல நடுவில் நிற்பவர்களால்தான் வருகிறது.

அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் நான் மூன்றாம் நிலை சித்தியடைந்தவள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். (சாமிகளுக்கும் ஒரு நாளைக்குப் பிரெஞ்சில் கடிதம் வரலாம், ஆர் கண்டது?) வேலையும் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில்தான். இரண்டு வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பிரெஞ்சு கதைப்பேன். ‘இரு. கையைக் கழுவு. கடிக்காதே. அது உன்னுடையது இல்லை.’ இந்த நாலு வசனங்களை வைத்துக்கொண்டு ஒரு மாநகராட்சியை எதிர்த்துப் போராடலாம் என்று எனக்கு எப்படித்தான் தோன்றியதோ.

அப்போது நாங்கள் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஒரு மார்ச் மாதம் எல்லார் தபால்பெட்டியிலும் நாலு பக்கக் கடிதம் ஒன்று வந்து விழுந்தது. அதுவரை எங்கள் வட்டார நிர்வாகத்தின் கையில் இருந்த நூலகத்தை இனி மாநகராட்சியே பொறுப்பேற்று நடத்தப்போகிறதாம். அதுபற்றி மக்களோடு கதைக்க ஒரு கூட்டமாம். முதல் பக்கம் எனக்கு நன்றாகவே விளங்கியது. இரண்டாம் பக்கத்தில் ‘எலகாஜ்’ என்று ஒரு சொல். தொலைபேசியில் இருந்த அகராதியைத் தட்டினேன். ‘மரக்கிளைகளை வெட்டுதல்’ என்றது.

என் மூளை அதற்குப் பிறகு ஓடிய வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. கடிதமோ நூலகத்தைப் பற்றியது. வெட்டப்போவது கிளையை. எங்களுடையது ஒரு கிளை நூலகம். ஐயோ, இழுத்து மூடப்போகிறார்கள்!

என் கணவர் ரமணன் சோபாவில் இருந்தபடி கேட்டார்: “மிச்ச ரெண்டு பக்கத்தையும் வாசிச்சீரோ?”

“வாசிக்க என்ன கிடக்கு? விசயம் விளங்கிட்டுது.”

“சரி, நீர் உந்த லைப்ரரிக்குள்ள எப்பவாவது போயிருக்கிறீரோ?”

“அது இப்ப முக்கியமில்லை.”

(போயிருக்கிறேன். ஒருமுறை பஸ்சுக்குக் காத்திருந்தபோது, கழிவறைக்கு.)

உண்மையில் அந்த நூலகத்துக்குப் போகிற தமிழர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு மேல்மாடியில் இருந்த மணியண்ணை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி தவறிய பிறகு தனியாள். செவ்வாயும் சனியும் தவறாமல் போய், அங்கே ஒரு மூலையில் இருந்த தமிழ்த் தட்டிலிருந்து புத்தகம் எடுத்து வருவார். நாற்பது புத்தகங்கள் இருந்திருக்கும். எல்லாவற்றையும் மூன்று சுற்று முடித்துவிட்டார். “கொலைகாரன் ஆர் எண்டு தெரியும் பிள்ளை. எண்டாலும் நாலாம் தரமாவது திருந்துவானோ எண்டு பார்க்கிறன்” என்பார்.

அவரிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். மனிதர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

“பூட்டப் போறாங்களோ? வடிவா வாசிச்சனியோ பிள்ளை?”

“ஓம் அண்ணை. கிளையை வெட்டுறம் எண்டு எழுத்தில போட்டிருக்கிறாங்கள். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் இருக்கிறன்.”

அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்குக் கவலை வந்ததென்று எழுத ஆசைதான். வந்தது கவலை இல்லை, ஒருவிதப் பெருமை. அன்றைக்கே தொலைபேசியை எடுத்தேன். தமிழ், மொழி, அடுத்த தலைமுறை என்று ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பேசினேன். ஒருவரும் அசையவில்லை. கூட்டம் முடியச் சாப்பிட றோல்ஸும் தேநீரும் இருக்கிறது என்றேன். பதினான்கு பேர் வந்தார்கள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நூலகத்துக்குள்ளேயே. மாநகராட்சியிலிருந்து நீலச் சட்டக் கண்ணாடி போட்ட ஒரு மதாம் வந்திருந்தார். இருபது நிமிடம் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அதை மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் நான் என் உரையை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கம் முடிந்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதும் முதலில் கையை உயர்த்தியவர் மணியண்ணை. மற்றக் கையில் மடித்த தாள் ஒன்று வைத்திருந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“இருங்கோ அண்ணை. உங்களுக்குப் பிரெஞ்சு வராது. நான் கதைக்கிறன்.”

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். நான் எழும்பினேன். கிளையை வெட்டக் கூடாது என்று பிரெஞ்சில் முழங்கினேன். பிரெஞ்சில் கிளை நூலகத்துக்கு வேறு சொல் இருக்கிறது. நான் சொன்ன ‘பிரான்ஷ்’ மரத்தில் இருப்பது.

“எந்தக் கிளை, மதாம்?” என்று அந்த அம்மா குழம்பிப்போய்க் கேட்டார்.

‘இதுதான், இந்த முழு இடமும்தான்’ என்ற அர்த்தத்தில் கையை வீசி ஒரு பெரிய வட்டம் போட்டேன். கை போய் ஜன்னல் பக்கம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். கூட்டம் முழுக்கத் திரும்பி அதைப் பார்த்தது.

அந்த மரத்தை வெட்டுகிற யோசனை எதுவும் இல்லை, மரங்கள் வேறு பிரிவுக்குரியவை, இருந்தாலும் உங்கள் கவலையை அவர்களுக்குச் சொல்கிறேன் என்றார் மதாம், மிக அன்பாக. பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மரத்தில் பிரியம் உள்ளவர்கள் போலும்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கடிதத்தை எடுத்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து ஆட்டினேன். “எலகாஜ்! எலகாஜ்!”

மதாமுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நூலகக்காரர்கள் கிழிந்த, பழைய புத்தகங்களைக் கழிப்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம். கழித்த இடத்துக்குப் புதிது வருமாம். எதையும் மூடவில்லையாம். மாநகராட்சி எடுத்த பிறகு ஞாயிறும் திறப்பார்களாம், ஒரே அட்டையில் மொன்றியல் தீவு முழுவதும் புத்தகம் எடுக்கலாமாம். உங்களுக்கு என்ன புத்தகங்கள் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கூட்டமே.

பதினான்கு தமிழர்களும் என்னைப் பார்த்தார்கள். ரமணன் மட்டும் மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தியுள்ள ஒருத்தி அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இருந்திருப்பாள். நான் தமிழ்த் தட்டை நோக்கி நடந்தேன். ‘அப்படியென்றால் எங்கள் பழைய புத்தகத்தையும் தொடக் கூடாது’ என்று திசையை மாற்றிவிட்டால் மானம் தப்பும் என்பது என் கணக்கு. கூட்டம் பின்னாலேயே வந்தது. அடித்தட்டிலிருந்து, இருப்பதிலேயே கந்தலான புத்தகம் ஒன்றை உருவினேன். அட்டை பாதிதான் இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றினேன். நெஞ்சோடு அணைத்தேன். பிரெஞ்சு வசனம் ஒன்று தேவைப்பட்டது. வாயில் வந்தது கார்டரி பிரெஞ்சு:

“தொடாதே! அது உன்னுடையது இல்லை!”

மதாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினார். என் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள். அந்த நேரம் பார்த்து மாநகராட்சியின் படப்பிடிப்பாளர் ஒருவர் படம் எடுத்தார்.

“இது உங்கள் மொழியா?” என்று மதாம் மெல்லக் கேட்டார்.

தாய்மொழி என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில், “என் நாக்கு! என் அம்மா!” என்று கத்தினேன். மதாமின் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தை என் கையிலிருந்து பயபக்தியோடு வாங்கி, பின்னட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து ஒரு படிவத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

“இந்த மொழியில் இன்னும் புத்தகங்கள் வேண்டுமா?”

“நிறைய! நிறைய!”

கூட்டம் வெற்றியோடு முடிந்தது. (அப்படித்தான் நான் நினைத்தேன்.) எல்லாரும் றோல்ஸில் மும்முரமாக இருந்தபோது மணியண்ணை மட்டும் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அணைத்த புத்தகத்தைப் புரட்டினார்.

“பிள்ளை,” என்றார் தாழ்ந்த குரலில், “இது தெலுங்கு.”

“என்னண்ணை சொல்லுறியள்?”

“தெலுங்கு. ஆரோ அன்பளிப்பாக் குடுத்தது, பிழையான தட்டில வந்திட்டுது. கனகாலமா உதிலதான் கிடக்கு. படத்தைப் பார்த்தாக் கோழி வளர்க்கிற புத்தகம் போலக் கிடக்கு.”

நான் அவர் கையில் இருந்த அந்த மடித்த தாளைப் பார்த்தேன். அவர் மறைக்கப் பார்த்தார். வாங்கிப் பிரித்தேன். முப்பத்தொரு தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள், குண்டு குண்டான கையெழுத்தில். ஒவ்வொன்றுக்கும் கீழே, நூலகக்காரர்கள் வாசிப்பதற்காக, பிரெஞ்சு எழுத்தில் அதே பெயர். எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தார்.

மதாமைத் தேடி வாசல்வரை ஓடினேன். கார் போய்விட்டது.

“பரவாயில்லை பிள்ளை,” என்று மணியண்ணை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “பேந்து, அடுத்த முறை பாப்பம்.”

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் ‘பரவாயில்லை’யைத் தாங்க முடியாமல் அவருடைய பையிலிருந்து தாளை நானே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அந்தத் தாளோடு நூலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் முதலில் கேட்டது என் அட்டை இலக்கம். நூலகத்துக்காக உயிரைக் கொடுக்க வந்தவளிடம் நூலக அட்டை இல்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அட்டை போட்டுத் தந்தார்கள். தாளையும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அது அடுத்த கொள்வனவில்தான், இலையுதிர் காலத்தில்தான் சேருமாம். ‘தெலுங்குப் புத்தகங்கள்’ என்று மதாம் குறித்துக்கொண்ட என் முதல் கோரிக்கை ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டுவிட்டதாம். படம் எல்லாருடைய மனதையும் உருக்கிவிட்டதாம்.

அந்தக் கோடை முழுவதும் நான் பிராயச்சித்தம் செய்தேன். நகரின் இன்னொரு பக்கத்தில், கோட்-டெ-நெய்ஜ் நூலகத்தில் ஒரு பெரிய தமிழ்த் தட்டு இருந்தது. புது அட்டை அங்கேயும் செல்லும். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை மணியண்ணையோடு பஸ், பிறகு மெட்ரோ. போகும்போது அவர் படித்த கதையைச் சொல்லுவார். வரும்போது, முடிவைச் சொல்லாதேங்கோ என்று நான் கெஞ்சுவேன். அப்படித்தான் எனக்குப் புத்தகம் வாசிக்கும் பழக்கமே வந்தது. நவம்பரில் அவருடைய பட்டியலில் பாதிக்குமேல் எங்கள் நூலகத்துக்கே வந்து சேர்ந்தது. முதல் புத்தகத்தை எடுத்தவர் முத்திரை காயும் முன்பே வாசலில் நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

தெலுங்குப் புத்தகங்களோ ஜூனிலேயே வந்துவிட்டன. இரண்டு பெரிய பெட்டி நிறைய. தீவின் நாலாபக்கமிருந்தும் தெலுங்குக் குடும்பங்கள் தேடி வந்தன. மெட்ரோவில் ஒருமுறை ஹைதராபாத் பொறியியலாளர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, பத்து நிமிடம் தெலுங்கில் உருகி உருகிப் பேசினார். நான் ஆறு நிறுத்தத்துக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அந்தக் கந்தலை அணைத்துக்கொண்டு நிற்கும் படம் இப்போது நூலக வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிதாகத் தொங்குகிறது. ரொறன்ரோவிலிருந்து உறவினர் யார் வந்தாலும் ரமணன் முதலில் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான். ஊர் நடுவில் இருக்கிற மலையும் கோயிலும் எல்லாம் பிறகுதான். போன மாதம் வந்த அவருடைய தம்பி, படத்தின் கீழே இருந்த வரிகளை நின்று நிதானமாகப் பார்த்தார்.

“பிரெஞ்சு தெரியுது, இங்கிலீசும் தெரியுது. இந்த மூண்டாவது என்ன அண்ணை? தமிழ் மாதிரித் தெரியேல்லையே. என்ன எழுதிக் கிடக்கு?”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் ரமணன். “அண்ணியிட்டைக் கேள். அவவின்ர தாய்மொழி.”