பெர்மிட் அண்ணை தோணி ஏறிய கதை

மூச்சு விடுவதற்கு நோர்வே அரசாங்கம் நாளைக்கே ஓர் அனுமதிச் சீட்டு கொண்டுவந்தால், விடியமுன்பே போய் முதல் ஆளாக வரிசையில் நிற்கக்கூடியவர் எங்கள் பெர்மிட் அண்ணைதான். சீட்டு கைக்கு வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டும் நிற்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஹவுகெட்டோவில் எங்கள் மாடிக் குடியிருப்பில் அதை யாரும் பாவிப்பதில்லை. பல்கனியில் கறிவேப்பிலைக் கன்று வைப்பதற்குக் குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டவர் அவர். சங்கத் தலைவர் பாவம், அது போதை தரும் செடியா என்று என்னிடம் வந்து இரகசியமாக விசாரித்தார். ரயிலில் பரிசோதகர் தன்னைக் கவனிக்காமல் போய்விட்டார் என்று அடுத்த பெட்டிவரை துரத்திப் போய் ரிக்கற்றைக் காட்டியதை நானே கண்ணால் கண்டேன். அந்த மனிதர் பயந்துபோய் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

"ஊரில பாஸ் இல்லாமல் ஒரு சந்தி தாண்டேலாது, தம்பி. பழகிப்போச்சு" என்பார்.

சரி, அங்கே சோதனைச் சாவடியில் கேட்டார்கள், காட்டினார். இங்கே கேட்காதவனையும் மறித்து வைத்துக் காட்டினால் என்ன செய்வது?

இவருக்கு மகளாகப் பிறந்தவள் தாரணி. தாயார் காலமான பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான். தாதிப் படிப்பு முடித்த கையோடு அவளுக்கு ஹம்மர்பெஸ்டில் வேலை கிடைத்தது. அது நாட்டின் மற்ற அந்தம். "போறதுக்கு முதல் அப்பாவும் நானும் தோணியில போய்க் காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு இருக்கோணும். அதை முடிச்சுத்தான் போவன்" என்று வாக்குக் கொடுத்தாள். பெர்மிட் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு ஆரிட்டை அனுமதி எடுக்கிறது?"

என் காரின் கூரையில் தோணி கட்டுவதற்குக் கம்பி இருந்தது. நான் செய்த பாவம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து இந்தப் பயணம் என் தலையில் ஏறிக்கொண்டது.

நோர்வேயில் காடும் ஏரியும் எல்லாருக்கும் பொது. வீடுகளுக்குக் கிட்டப் போகாமல், குப்பை போடாமல் இருந்தால் எவரும் துடுப்புப் போடலாம், கூடாரம் அடிக்கலாம். இங்கே பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"அப்பா, இது அல்லமன்ஸ்ரெத்தன். எல்லாருக்கும் உள்ள உரிமை" என்றாள் தாரணி.

"எல்லாருக்கும் எண்டு சொல்லேக்கை எங்களையும் சேர்த்துத்தான் சொன்னவங்கள் எண்டதுக்கு என்ன உறுதி?"

"நீங்கள் இந்த நாட்டுப் பிரசை, அப்பா!"

"அது காட்டுக்குத் தெரியுமோ?"

அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த பெண்மணி சிரித்த முகத்தோடு, அனுமதி தேவையில்லை என்றார். அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள் என்றார் அண்ணை. தேவையில்லாத அனுமதிக்குக் கடிதம் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார் அவர். "இல்லாத ஒண்டை நான் மறிக்கிறவனுக்கு எப்பிடிக் காட்டுறது?" என்று அண்ணை என்னிடம் திரும்பினார். யார் மறிக்கப் போகிறார்கள்? காட்டில் மான்தான் நிற்கும். மூன்றாம் தரம் நாங்கள் போனபோது அந்தப் பெண்மணி எங்களைக் கண்டதும் கோப்பிக் கோப்பையோடு உள்ளே போனவர், வெளியே வரவேயில்லை.

இதற்கிடையில் யாரோ ஒரு புண்ணியவான், மீன் பிடிப்பதற்கு மட்டும் அட்டை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணைக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும்! எங்கள் மூவருக்கும் அட்டை வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார். எங்கள் ஒருவரிடமும் தூண்டில் கிடையாது. அண்ணை முழுச் சைவம்.

அலுவலகம் கோடை விடுமுறைக்குப் பூட்டியது. பிறகு திறந்தது. கோடை வெயில் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. ஒருநாள் தாரணி என் வாசலில் வந்து நின்று அழுதாள்.

"மாமா, இந்தச் சனி ஞாயிறு விட்டால் இல்லை. அடுத்த கிழமை நான் அங்கை வேலைக்கு நிக்காட்டில் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவினம். அப்பாவோட போகாமல் எனக்குப் போகவும் மனமில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகப் போய் அந்தப் பெண்மணியின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதித் தந்தார். அனுமதி தேவையில்லை, பயணம் இனிதாகட்டும், அவ்வளவுதான்.

துள்ளிக் குதிப்பார் என்று கொண்டுபோய்க் கொடுத்தால், அண்ணையின் முகம் வாடிப்போயிற்று. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை இல்லையே, தம்பி."

"ஏறுங்கோ காரிலை!" என்று நான் போட்ட சத்தத்தில் மேல்மாடியில் கதவு திறந்தது.

ஏரிக்கரைக்குப் போனதும், சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் தோணியின் நடுவில், முழங்கால் தாடையில் முட்ட, மூட்டைகளோடு மூட்டையாக இருத்தினார். எதிரே ஒரு தோணி வந்தால் போதும், துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். பின்னாலிருந்து தாரணி தனியே வலிக்க, தோணி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். எதிரே வருபவர்கள் எங்களுக்குக் கை காட்டிவிட்டு வேகமாக விலகிப் போனார்கள்.

பின்னேரம் கரையில் கூடாரம் அடித்தோம். தாரணி தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்து, மாதக்கணக்காக அடக்கி வைத்ததைக் கொட்டினேன்.

"அண்ணை, தேவையில்லை எண்டு அந்த மனுசி முதல் நாளே சொன்னவ. உங்களுக்கும் விளங்கினதுதானே? பிறகேன் எங்களை இந்தப் பாடு படுத்தினீங்கள்?"

அவர் கூடாரக் கயிற்றை இன்னும் ஒரு தரம் இறுக்கினார்.

"விளங்கினதுதான், தம்பி. பயணம் முடிஞ்சால் பிள்ளை போயிடுவாள் எல்லோ."

நான் இன்னும் பாதி திட்டவில்லை. மிச்சத்தை விட்டுவிட்டு மற்றக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். தாரணி தண்ணீரோடு வந்தாள். அண்ணை அவளுக்கு அடுப்பு மூட்டச் சொல்லிக் கொடுத்தார், அவள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சோற்றைக் கரியாக்கினார்கள். அந்தக் கரியை நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

சொன்னபடி தாரணி போய்விட்டாள்.

முதல் பனி கொட்டிய ஒரு காலையில் என் வீட்டு மணி அடித்தது. பெர்மிட் அண்ணை தடித்த குளிரங்கியோடு நின்றார். காலடியில் மிளகாய்த் தூள், அரிசிமா, கம்பளிச் சால்வை என்று ஐந்தாறு பொதிகள்.

"வெளிக்கிடும், ஹம்மர்பெஸ்டுக்கு ஒருக்கால் போட்டு வருவம். இவ்வளவு சாமானும் பிளேனில விடாங்கள்."

"அண்ணை, அது என்ன பக்கத்துத் தெருவே? பனிக்குள்ள இரவு பகலா ஓடோணும்! தாரணியிட்டையாவது கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

"ஏன்?"

"கேட்டால் வேண்டாம் எண்டிடுவாள்."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒருவரிடமும் கேட்காமல் வாழ்க்கையில் முதல் தரமாக வெளிக்கிட்டு வந்து நிற்கிற மனிதர். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்த மாதிரி என் கூடப்பிறந்தவர்களைக்கூடப் பிடித்ததில்லை. வாய் நிறையத் திட்டிக்கொண்டே பொதிகளைத் தூக்கிக் காரில் அடுக்கினேன்.