கருகிய ஆரஞ்சும் அமெரிக்கப் போத்தலும்

இஞ்சி கிடைத்துவிட்டது. ஆரஞ்சும் கிடைத்துவிட்டது. சீனிதான் தோட்டத்து கேட்டில் மாட்டிக்கொண்டது.

முள்வேலி வாசலில் காவலிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மணியம், எல்லாரும் நானா என்று கூப்பிடும் பங்களாச் சமையல்காரர் கவுஸின் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தான். ஆறு ஆரஞ்சுகள் உருண்டு நின்றன. இஞ்சியை முகர்ந்து ஒதுக்கினான். அடியில் கிடந்த சீனிப் பொட்டலத்தை மட்டும் கையில் ஏந்தி, பிறந்த பிள்ளையை எடை பார்ப்பவன்போல மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான்.

"ரெண்டு ராத்தல் இருக்கும்போல. யாருக்கு நானா, காட்டுல இருக்கிறவனுங்களுக்கா?"

"துரைக்குப்பா. இன்னிக்கு மத்தியானம் கிறிஸ்துமஸ் விருந்து."

"பிடிபடுற எல்லாரும் துரைக்குத்தான்னு சொல்றாங்க. துரைக்குன்னா துரை கையெழுத்துப் போட்ட சூராட்டு இருக்கணும்லா."

சூராட்டு என்ற அந்த அனுமதிச் சீட்டு இல்லை. மலாயாவில் ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடிச் சோறும் போய்ச் சேரக் கூடாதென்று அரிசி, சீனி, டின்மீன் எல்லாவற்றுக்கும் காவல். கடையில் டின்மீன் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். பால்வெட்டப் போகிறவர்கள் பசியாறக்கூட எதையும் கட்டிக்கொண்டு போக முடியாது. விருந்துக்குத் தடை இல்லை. விருந்துக்கான சாமான் கேட்டைத் தாண்டுவதற்குத்தான் தடை.

மணியம் சீனியை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினான். கவுஸின் பெயரை நோட்டில் எழுதி, எழுதியதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். இன்னொரு தடவை ஏதாவது பிடிபட்டால் விசாரணை கிடையாது, நேரே தடுப்புக்காவல்தான் என்பதையும் மரியாதையாகவே சொல்லிவைத்தான்.

கவுஸ் இந்த வம்பில் மாட்டியதற்குக் காரணம் ஒரே ஒரு பொய். மூன்று வருஷத்துக்கு முன் வேலை கேட்டு வந்தபோது, கப்பலில் என்ன செய்தாய் என்று வின்ஸ்லோ துரை விசாரித்தார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரும் வழி முழுக்க வெங்காயம் உரித்ததைச் சொல்ல மனம் வராமல், பார் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு விதவிதமாகச் சரக்கு கலந்து கொடுத்த கை இது என்று கையையும் நீட்டிக் காட்டினார். நல்லவேளை, வெங்காய வாசம் அதற்குள் போயிருந்தது.

அந்தப் பொய்யைத் துரை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்து நேற்று வெளியே எடுத்தார். துண்டில் சுற்றிய போத்தலோடு சமையலறைக்கு வந்தார். அமெரிக்க விஸ்கி. சோளத்தில் காய்ச்சியதாம், பர்பன் என்று பெயராம். தோட்டத்து ரப்பரை வாங்கும் அமெரிக்க வியாபாரி பரிசாகக் கொடுத்தது. அவரே விருந்துக்கு வருகிறார். சீனியைக் கருக்கி, அதில் ஆரஞ்சு வில்லைகளை வாட்டி, இஞ்சிச் சாற்றோடு சரக்கையும் கலந்தால், அவர் ஊர்ப் பண்டிகைப் பானம் வந்துவிடும் என்றார். துரை பேசியது தமிழ்தான். விடியலில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கற்ற தமிழ் என்பதால் அது உலகத்தில் எல்லாரையும் நீ என்றுதான் கூப்பிடும்.

"இஞ்சி நிறைய போடு. நல்ல வீட்டில் சரக்கு வாசம் முன்னால் வராது, இஞ்சி முன்னால் வரும். உனக்குத் தெரியும்?"

"தெரியும் துரை. கப்பல்லயும் அப்படித்தான்."

அடுத்த மாதம் துரைக்குப் பினாங்கு ஆபீசுக்கு மாற்றல். பானம் சரியாக அமைந்தால் கவுஸையும் பட்லராகக் கூட்டிப்போவதாகச் சொன்னார். குடியிருக்கச் செங்கல் வீடு. அமையாவிட்டால், பீடோங்கில் மச்சான் ஜக்கரியாவின் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவ வேண்டியதுதான். தட்டைக் கூடக் கழுவிவிடலாம். பார் பார்த்தவர் வந்துட்டாரு என்று மச்சான் தினமும் கல்லாவிலிருந்து சொல்வதை எங்கே போய்க் கழுவுவது? மனைவி சம்சியா அதற்குள் பினாங்கு வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க ஆரம்பித்திருந்தாள். ஜன்னல் எத்தனை என்று தெரியாததால் நாலு தைத்திருந்தாள்.

சீனி இல்லாமல் வந்து நின்றவருக்கு, பங்களாவில் கூட்டித் துடைக்கும் செல்லாயிதான் கைகொடுத்தாள். தொழிலாளர் லயத்தில் தன் வீட்டிலிருந்த இரண்டு தென்னங்கருப்பட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் இனிப்பு, இதுவும் இனிப்பு என்று கவுஸ் சட்டியில் உடைத்துப் போட்டார். கருப்பட்டி முதலில் உருகியது, பிறகு நுரைத்தது, ஆரஞ்சு வில்லைகளைப் பரப்பிவிட்டு இஞ்சி நசுக்கத் திரும்பிய நேரத்தில் கருகியது. சமையலறை முழுக்கப் புகை. சட்டியில் கிடந்த வில்லைகள் பழைய செருப்புக்கு வெட்டிய தோல்போல இருந்தன.

சரியாக அப்போதுதான் துரை உள்ளே வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். கவுஸின் கால்கள் பீடோங்கை நோக்கித் திரும்பின.

"நல்லா இருக்கு. இன்னும் கருக்கு," என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

துரைமார்கள் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவார்கள் என்று கவுஸ் கேள்விப்பட்டிருந்தார். கசப்பை மறைக்க அரை ராத்தல் இஞ்சியைப் பிழிந்து ஊற்றினார். இப்போது கசப்பு தெரியாது. நெருப்பு மட்டும்தான் தெரியும்.

இனி ருசி பார்க்க வேண்டும். அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. பிழைப்புக்காகச் சரக்கைத் தொட்டுக் கலப்பதே கவுஸின் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. போத்தலைத் திறந்தபோதே மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். நாக்கில் வைப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை. மார்க்கம் தெரிந்த எவரும் வைக்க மாட்டார்.

எனவே பங்களாத் தோட்டக்காரன் இருளப்பனைக் கூப்பிட்டார். ஜப்பான்காரன் காலத்துச் சாராயம் முதல் போன மாதத்துப் பிராந்தி வரை தான் குடிக்காத சரக்கு கெடா மாநிலத்தில் கிடையாது என்று சொல்லித் திரிகிறவன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவனைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கவுஸ் ஒரு கிளாஸில் கலந்து கொடுத்தார். இருளப்பன் கண்ணை மூடிக் குடித்தான்.

"கசக்குது நானா. சரக்கு பத்தல."

இரண்டாவது கிளாஸில் சரக்கைக் கூட்டினார். இஞ்சி தொண்டையைப் பிடிக்கிறது, சரக்கை ஊற்றித்தான் அதை அமர்த்த வேண்டும் என்றான். மூன்றாவது ஏறக்குறைய வந்துவிட்டதாம். நாலாவது, மூன்றாவதைவிடக் கொஞ்சம் இறங்கிவிட்டதாம். ஐந்தாவதைக் குடித்தபிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். கவுஸ் இரண்டு பேராகத் தெரிவதாகவும், இரண்டு பேரும் தனக்கு அண்ணன் மாதிரி என்றும் சொன்னான். துரைமார் சரக்கு துரைமார் சரக்குதான் என்று சொல்லிவிட்டு, எப்போதோ செத்துப்போன தன் ஆட்டுக்காக அழுதான்.

கவுஸ் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு விரற்கடை.

மணி பதினொன்றரை. ஒரு மணிக்கு விருந்து. ஆறு கிளாஸ் வேண்டும். உள்ளதை வைத்து ஒன்றைக்கூட ஒழுங்காக நிரப்ப முடியாது.

"இப்ப என்னடா செய்றது?"

இருளப்பன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"எங்கிட்ட சம்சு இருக்கு நானா. புகைவீட்டுக்குப் பின்னாடி பொதச்சு வச்சிருக்கேன். கருப்பட்டிக் கறுப்புல கலந்தா, கலர் யாருக்குத் தெரியப்போவுது?"

சம்சு, அரிசியில் காய்ச்சும் கள்ளச்சாராயம். காய்ச்சினாலே சிறை. ரேஷன் அரிசியில் காய்ச்சினால் அரிசி எங்கே போகிறதென்ற கேள்வியும் சேர்ந்து வரும். விருந்துக்கு வருகிறவர்களிலோ ஒருவர் போலீஸ் துரை. மணியத்தின் நோட்டில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கவுஸ் ஒரு பக்கம் தடுப்புக்காவலையும் இன்னொரு பக்கம் ஜக்கரியாவின் கல்லாவையும் நிறுத்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கல்லாதான் பயங்கரமாக இருந்தது.

"போய் எடுத்துட்டு வா," என்றார்.

இருளப்பன் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனான். ஆனால் சைக்கிளில் ஏறியதும் ரப்பர் மரங்களுக்கிடையே கோடு போட்டதுபோல நேராக ஓட்டிப்போனான். அவ்வளவு போதையிலும் இப்படி ஓட்டுகிறானே என்று கவுஸ் வியந்தார்.

பன்னிரண்டரைக்குத் துரை மூன்றாம் முறையாக வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இருளப்பன் கொண்டுவந்த சம்சுவைக் கலந்துவிட்டு, போத்தலைக் கவுஸ் அப்போதுதான் தொட்டிக்கடியில் தள்ளியிருந்தார். துரை கலவைப் பாத்திரத்தின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இஞ்சி போதுமா என்று மட்டும் கேட்டார். போதும் என்றார் கவுஸ். இன்னும் போடு என்றார் துரை.

ஒரு மணிக்குக் கவுஸ் தட்டோடு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தார். ஆறு கிளாஸ், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு கருகிய ஆரஞ்சு வில்லை. போலீஸ் துரை கைத்துப்பாக்கியை முள்கரண்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அமெரிக்கர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். வின்ஸ்லோ துரை கிளாஸைத் தூக்கி, கொய்னா மருந்து குடிக்கப்போகிறவரின் முகத்தோடு ஏதோ வாழ்த்துச் சொல்லி, முதலாவதாகக் குடித்தார்.

குடித்தவர் அப்படியே நின்றார். கண்கள் மெல்ல அகன்றன. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றியில் முட்டியது. கிளாஸைப் பார்த்தார். பிறகு கவுஸைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடிந்தது என்று கவுஸ் நினைத்துக்கொண்டார். சம்சியாவின் நாலு திரைச்சீலைகளும் கண்முன் ஆடின.

ஆனால் போலீஸ் துரை இரண்டாவது கிளாஸை எடுத்தார். மூன்றாவதில் துப்பாக்கியை எங்கே வைத்தேன் என்று தேடினார். அது முன்னால்தான் இருந்தது. அமெரிக்கர் தன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லித் தேம்பினார். பாத்திரம் மூன்று தடவை உள்ளே போய் வெளியே வந்தது. கோழி வறுவலை யாரும் தொடவில்லை. வின்ஸ்லோ துரை மட்டும், ஒவ்வொரு மடக்குக்கும் கவுஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்குத் துரை சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கவுஸ். அதில் நீ என்ன ஊத்தின?"

மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யைப் போலவே இதையும் கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போத்தல்ல இருந்ததைத்தான் துரை. வேற ஒரு சொட்டுக்கூட இல்ல."

துரை நாற்காலியை விட்டு நகர்ந்தார். பிறகு அருகில் வந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பினாங்கில் சமையல் வேண்டாம், பார் முழுக்க உன் பொறுப்பு என்றார். சம்பளத்தில் பத்து வெள்ளி கூட என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, நீங்க என்றார். பெரட்டுக் களத்துத் தமிழில் அந்தச் சொல் அன்றுதான் முதன்முதலாக வந்தது.

கவுஸ் அரிசி மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தார். வெளியே, ரம்புத்தான் மரத்தடியில் இருளப்பன் இன்னும் போதை தெளியாமல் ஆட்டுக்காகப் பாடிக்கொண்டிருந்தான். தொட்டியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த செல்லாயியிடம், துரைக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று, தெரிந்தும் மன்னித்துவிட்டார், அமெரிக்கச் சரக்கில் சம்சு கலந்ததைக் கண்டுபிடித்தும் வாயைத் திறக்காத பெரிய மனுஷன் என்று கவுஸ் தழுதழுத்தார்.

செல்லாயி கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

"அமெரிக்கச் சரக்கு ஏது நானா? தீபாவளிக்கு முன்னாடியே துரை அதக் குடிச்சுத் தீத்துட்டாரு. துரை சொன்னாருன்னு அந்தப் போத்தல்ல தேத்தண்ணி காய்ச்சி ஊத்தி வச்சதே நான்தான்."