மாப்பிள்ளை விசாரணை

"இந்தப் பொடியனத் தெரியுமா?" என்று ஹமீட் போட்டோவை நீட்டியதும் தேத்தண்ணிக் கடைக்காரர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரியா."

"ஜெமீல் எண்டு பேரு. பின் ஒழுங்கையில தறி வச்சிரிக்காராம்."

"மருதமுனையில எல்லாரும்தான் தறி வச்சிரிக்காங்க."

கடை வாங்கில் குந்தியிருந்த இரண்டு பேர் பாதித் தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஹமீட்டுக்குச் சப்பென்று போனது. தங்கச்சி றுஸ்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். முன்பென்றால் அவன் வந்திருக்கவே தேவையில்லை. யார் மகன், யார் பேரன், ஆள் எப்படி என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருந்தார்கள். அவனுடைய வாப்பாவும் அதில் ஒருவர். எல்லோரையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு மூத்தவள் உம்முவை அவசரத்தில் விசாரிக்காமல் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் புத்தளத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. உம்மு இப்போது யாரோடும் கதைப்பதில்லை.

யுத்தம் முடியப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவதும் அவர்கள் காணாமல் போவதும் மட்டும் நிற்கவில்லை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். இப்படியொரு காலத்தில், யார் எவர் என்று தெரியாத ஒருவனை எப்படி வீட்டுக்குள் எடுப்பது?

"சாறனோட போனா ஆரு மதிச்சுக் கதைப்பாங்க?" என்றாள் மனைவி றுகையா, அவன் வெறுங்கையோடு வீடு திரும்பியதும். "காற்சட்டை சப்பாத்துப் போட்டு, முடியையும் ஒட்ட வெட்டிட்டுப் போங்க."

அப்படியே போனான். மதிப்பு உடனே தெரிந்தது. ஒழுங்கைத் திருப்பத்தில் ஒருவர் அவனைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கியே நின்றார்.

"ஜெமீல் எத்தின மணிக்கு வீட்டால வெளிக்கிடுவாரு? ஆரு ஆரோட திரிவாரு?"

"ஒருத்தரோடயும் திரியமாட்டாரு சேர். நல்ல புள்ள."

"வெளியூர்ல தொடர்பு கிடர்பு ஏதும் இரிக்கா?" உம்முவின் நினைப்பில் ஹமீட் கொஞ்சம் அழுத்தியே கேட்டுவிட்டான்.

"அல்லாட காவல், ஒரு தொடர்பும் இல்ல சேர்!" அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "எனக்கும் இல்ல."

அவர் எதற்குத் தன்னையும் சேர்த்துச் சொன்னார் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தான். எதையோ மறைக்கிறார்கள். ஊரே சேர்ந்து மறைக்கிறது.

"என்ன காக்கா, இதுவும் சரிவராதா?" என்று றுஸ்தா சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணனிடம் கேட்டாள். அவள் அந்தப் போட்டோவை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆளையே நேரில் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தான். அன்று மழை. கூட்டாளி ஸஜாத்தின் வெள்ளை வேனை இரவல் வாங்கிக்கொண்டு போனான். வெயிலுக்காக ஸஜாத் கண்ணாடியெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது வசதியாகவும் இருந்தது. ஜெமீலின் வீட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தட்டுத் தட்டென்று கேட்டுக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கதவுகள் சாத்தப்பட்டன. மழைக்கு நேரத்தோடு வேலையை முடிக்கிறார்கள் என்று நினைத்தான்.

ஒருவரும் வெளியே வராததால் கடைசியில் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினான். ஜெமீலின் தாய் சபியா உம்மா திறந்தாள். அவனைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெமீல் இரிக்காரா?"

"இல்ல மகன். முந்தநாளே போயிட்டான்."

"எங்க?"

"எனக்கும் தெரியா. சொல்லாமப் போ எண்டு நான்தான் சொன்னன்."

ஹமீட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. கலியாணம் பேசி வைத்துவிட்டு ஓடி ஒளிகிறவன்! நல்லவேளை, விசாரித்தபடியால் தெரிந்தது.

"அப்ப எல்லாம் விளங்கிட்டு" என்று திரும்பினான்.

சபியா உம்மா மழையில் இறங்கி ஓடிவந்து வேனுக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க எந்தப் பக்கத்து ஆக்களெண்டு நான் கேக்கமாட்டன் மகன். கடலுக்கு மிஞ்சினது எனக்கு இந்த ஒரு புள்ளதான். உங்களக் கும்பிட்டுக் கேக்கன், சாய்ந்தமருதால ஒரு பொண்ணுட காக்கா மாப்பிள விசாரிக்க வரப்போறாராம், அவர் வாற அண்டைக்கி மட்டும் இந்த வேனக் கொண்டுவந்து இதுல நிப்பாட்டிராதீங்க."